வண்டி மேல் போட்ட பழி

கண்ணாடிக்கடையில் அவனுக்கு டர்போ என்றுதான் பெயர். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கும் வேலை. இருபத்தைந்து வருடமாக அதே ஸ்டூல், அதே மெஷின். பட்டப்பெயர் மட்டும் காரால் வந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு கதவு வைத்த பந்தயக்கார் மாதிரி ஒன்று வாங்கவேண்டும் என்று துடித்தான். மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

"பிள்ளைய எங்க உக்கார வைப்பீங்க, பானெட் மேலயா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் இரண்டு கதவு நான்கானது. ஆனால் இன்ஜின் விஷயத்தில் அவன் இறங்கி வரவில்லை. டர்போ, ஆறு கியர், தரையோடு தரையாகப் பதுங்கும் உடம்பு. குடும்பக் கார் என்று அவள் நினைத்துக்கொள்ளலாம், பந்தயக்கார் என்று அவன் நினைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. வயிற்றில் இருந்த பிள்ளை கல்லூரிக்குப் போயாயிற்று. கார் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கியும் சாவியைத் திருப்பினால் முதல் உதறலிலேயே உயிர் வரும். கெடுவுக்கு முன்பே ஆயில் மாற்றுவான். தூரம் போய் வந்தால் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அணைப்பான். "எல்லாரும் உங்கள மாதிரி வெச்சிருந்தா நான் கடைய மூட வேண்டியதுதான் சார்" என்பார் மெக்கானிக். ஒருநாள்கூட அது அவனை ரோட்டில் நிறுத்தியதில்லை.

அப்படிப்பட்ட வண்டி மேல்தான் அவன் பழி போட்டான்.

ஒரு மணி நேரத் தூரத்தில் அக்கா வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபிறகு அங்கேதான் இருந்தார். மாமாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். தன்னைத் தூக்கிக்கொள்வதே அவருக்குப் பெரும்பாடு. அதனால் ஆறு நாள் அக்கா, ஞாயிற்றுக்கிழமை தம்பி என்று பேச்சு. தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சவரம் செய்து, கைகால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனான். அப்பா ஆஜானுபாகுவான ஆள். அதட்டினால் தெருவே அடங்கும். அந்த மனிதரை உடம்பில் துணியில்லாமல் தூக்கும்போது அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை போனை எடுத்தான். "ரேடியேட்டர் ஒழுகுதுக்கா" என்று வாய் தானாகச் சொன்னது.

"ஐயோ, வழியில எங்கயும் நின்னுடாதடா. நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அடுத்து கிளட்ச் போனது. பிறகு ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்ப். காரின் உள்ளும் புறமும் தெரிந்தவன் என்பதால் பொய்யெல்லாம் அசல் மாதிரியே இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு தலையைக் காட்டுவான். மற்ற ஞாயிறுகளில், அக்கா அப்பாவைக் குளிப்பாட்டும் அதே பத்து மணிக்கு, வாசலில் பக்கெட்டும் துணியுமாகக் காரைக் கழுவிக்கொண்டிருப்பான். சக்கரத்துக்குள் விரலை விட்டுத் துடைப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்; அவன் இன்னும் அழுத்தித் துடைப்பான். ஒருதரம் நிஜமாகவே நின்றுவிட்டால் தேவலை, பாதிப் பாவமாவது கழியும் என்றுகூட நினைத்தான். அது நின்றால்தானே!

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மாலை அக்காவும் மாமாவும் வந்து இறங்கினார்கள். அப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், உடனே திரும்ப வேண்டுமாம். மாமா, தாங்கள் வந்த சின்னக் காரின் சாவியை மேசையில் வைத்தார்.

"நாங்க எங்க போறோம் வர்றோம்? நீயே வெச்சுக்கோ மாப்ள. பாவம், அந்த ஓட்டை வண்டியோட எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவே?"

"வேணாம் மாமா..."

"சும்மா இருடா," என்றாள் அக்கா. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா ஞாயித்துக்கிழமையானா எட்டு மணிக்கே சட்டை போட்டுவிடச் சொல்றார். உன் வண்டிச் சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்கார்."

அவன் சாவியை எடுத்துக்கொண்டான். அதுதான் அவன் செய்ததிலேயே மட்டமான காரியம். இரண்டு பேரும் பஸ் ஏறித் திரும்பினார்கள்.

புதன்கிழமை மதியம் மனைவி கடைக்குப் போன் செய்தாள். "அக்காவுக்கு முதுகுத்தண்டுல சவ்வு பிதுங்கியிருக்காம். இனிமே ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக்கூடாதாம். டாக்டர்கிட்ட பஸ்லயே போயிட்டு பஸ்லயே வந்திருக்காங்க. கூட்டத்துல நின்னுக்கிட்டே."

பாதி தேய்த்த லென்ஸை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான். அக்கா வீட்டுத் தெருமுனையில் அவன் வண்டி திரும்பும்போதே அப்பாவுக்குச் சத்தம் தெரிந்துவிட்டது. "வந்துட்டியா? அந்தப் பீடை புடிச்ச வண்டி இன்னைக்கு ஓடுதா?" என்று குழறலாக, ஆனால் சந்தோஷமாகக் கேட்டார்.

அக்கா பின்கட்டில் நின்றபடி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வண்டி கெட்டே போகல."

"சரியாயிடுச்சா?"

"இல்லக்கா. கெட்டுப்போனதே இல்ல. ஒருநாளும்."

மடித்த கை நின்றது. "ரேடியேட்டர்?"

"இல்ல."

"கிளட்ச்?"

"இல்லக்கா."

"ஆல்டர்னேட்டர்? பெட்ரோல் பம்ப்பு?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல் கேட்டாள்.

"எல்லாம் எனக்கு மனப்பாடம்டா. தம்பி ஏன் வரலன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நான்தான பதில் சொன்னேன்."

அவள் ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போர்வையை மிச்சமும் மடித்து முடித்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத. அவர் வண்டியத்தான் திட்டிக்கிட்டிருக்கார். அப்படியே திட்டட்டும். மாமா சாவியக் குடு."

சாவியைக் கொடுத்து, காரை மறுநாளே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். அழுகை வந்தது. "இங்க நின்னு அழாத. அவர எழுப்பி உக்கார வெக்கணும், போ," என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு மட்டுமல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்குப் போகும் முன் விடியற்காலையில் போய்விடுவான். மற்ற நாட்களுக்கு ஒரு ஆள் அமர்த்தினார்கள். அப்பா அழுவதை நிறுத்தவில்லை. அவன்தான் பார்க்கப் பழகிக்கொண்டான்.

வியாழன்தோறும் அக்காவை முதுகு வைத்தியத்துக்கு அவனே கூட்டிப்போனான். அப்போதுதான் அந்தக் கார் எவ்வளவு கடினமானது என்று தெரிந்தது. பள்ளம் மேடு ஒன்றைக்கூட மறைக்காத இறுகின ஸ்பிரிங். பதினெட்டு வருடம் அவன் பெருமை பேசியதே அதைப் பற்றித்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கா பல்லைக் கடித்தாள்.

மறுவாரம் மெக்கானிக்கிடம் போய் மெத்தென்ற ஸ்பிரிங்கும் உயரமான டயரும் போடச் சொன்னான்.

"என்ன சார் சொல்றீங்க? வளைவுல படகு மாதிரி ஆடும். அப்புறம் இது அந்த வண்டியே இல்ல!"

"ஆடட்டும்ங்க. போடுங்க."

ஆடத்தான் செய்தது. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். மூன்று வேகத்தடை தாண்டியபிறகு, "என்ன பண்ணுன?" என்று கேட்டாள்.

"ஸ்பிரிங்க மாத்தினேன்."

"நிஜமாவா?"

இனி அவன் எதைச் சொன்னாலும் அவள் ‘நிஜமாவா?’ என்றுதான் கேட்பாள் என்பது அவனுக்குப் புரிந்தது. "நிஜமாத்தான்க்கா," என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பினான்.