அவளுக்குக் கட்டிய சக்கரம்

எதிர்வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய கொடிக்கம்பியை யாரோ சுண்டிப் பார்க்கிறார்கள். டிண். ஒரே ஒரு சத்தம்தான். அந்த ஆவணி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கேட்ட அதே சத்தம்.

அந்த மாதம் எங்கள் ஓசூர் வீட்டு ஹாலில் என் கணவர் சைக்கிள் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தார். வாரநாளில் கியர் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிறு விடிந்தால் நண்பர்களோடு கிருஷ்ணகிரி வரை மிதித்துவிட்டு வருவார். கடையில் ஆயத்தமாக விற்கும் சக்கரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. வெறும் ரிம், நடுவில் பொருத்தும் வெறும் ஹப், ஒரு கட்டு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி வந்து தானே பின்னுவார். தனக்காக ஒரு ஜோடி கட்டியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்திருக்கிறேன். அது வேறு. இது அவளுக்கு.

அவள் என்றால், அவர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடப் பெண். அழகி என்று சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஒரு மாலை எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். எந்த மாதிரிச் சக்கரம் போடலாம் என்று பேச வேண்டுமாம்.

"வெயிட் எவ்ளோம்மா?" என்று ஆரம்பித்தார் இவர்.

"அறுபத்திரண்டு சார்."

"மேட்டுல ஒக்காந்தே மிதிப்பியா, எந்திரிச்சி நின்னா?"

"நின்னுதான்."

"பை மாட்டுவியா?"

"ஹௌது சார், ரெண்டு பக்கமும்."

"எந்த ரோடு அதிகமா போவ?"

"ஹைவே போர் அடிக்கும் சார். அஞ்செட்டி காட்டு ரோடுதான் இஷ்டம்."

"அப்ப லேசான ரிம்மு ஆவாது. நின்னு மிதிச்சா பின்சக்கரம் பக்கவாட்டுல வளையும். முப்பத்தாறு கம்பி போட்டுர்றேன்."

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என் எடையைக் கேட்டதில்லை. மேடு வந்தால் நான் உட்கார்ந்திருப்பேனா எழுந்து நிற்பேனா என்று கேட்டதில்லை. என் பாரம் எந்தப் பக்கம் தொங்குகிறது, எனக்கு இஷ்டமான ரோடு எது, ஒன்றையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்தச் சத்தம். கம்பி முனையில் இருக்கும் நிப்பிள் திருகாணியைக் கால் சுற்றுத் திருகுவார், கட்டைவிரல் நகத்தால் கம்பியைச் சுண்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார். டிண். அடுத்த கம்பி. டிண். நான் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புகிற அதே காது, ஒரு கம்பி மயிரிழை தொய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

"இன்னும் எவ்ளோ நாளுக்கு அவள மடியில வெச்சிக்கிட்டிருப்பீங்க?"

"சக்கரத்தயா?"

"நான் வேற என்ன சொன்னேன்?"

ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க."

"ஒனக்கா? நீ எங்கடி போவப் போற, மார்க்கெட்டுக்கா?"

சிரித்தார். கேள்வி மாதிரித்தான் இருந்தது. பதில் போட்டு வைக்க அதில் இடமில்லை.

அவர் வேலைக்குப் போனபின் அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். எங்காவது ஆடாதா என்று கண்ணை ஒட்டிப் பார்த்தேன். பாவி, நூல் பிடித்தாற்போல ஓடியது. ஒரு நிப்பிளைத் திருகிவிடலாமா என்று கை போனது. திருகவில்லை. எந்தப் பக்கம் திருகினால் கெடும் என்று எனக்குத் தெரியாது.

ஆவணி முடிகிறபோது வாங்கிப்போக வந்தாள். டீ போடட்டுமா என்றேன். "பேடக்கா, குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். கைக்கு ஒரு சக்கரமாகத் தூக்கிக்கொண்டாள். கேட்டருகில் வெயில் பட்டதும் இரண்டும் பளிச்சென்று மின்னின. இவர் முகமும்தான்.

"அக்கா, நீங்க ஓட்ட மாட்டீங்களா?" என்றாள் திடீரென்று.

"அவளுக்கு முட்டி வலிம்மா" என்றார் இவர்.

"முட்டி வலி உங்க அம்மாவுக்கு. எனக்கு ஒண்ணுமில்ல."

இவர் திரும்பி என் முழங்காலைப் பார்த்தார், யாருடையதோ என்பதுபோல. அவள் சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம வாங்கக்கா, குருபரப்பள்ளி வரைக்கும் போலாம். என் பழைய சக்கரம் ரெண்டும் சும்மாதான் இருக்கு, ஒரு சைக்கிள்ல மாட்டித் தரேன்."

அவள் கழித்துப் போட்டதா எனக்கு?

"வேணாம்மா, நீ கெளம்பு. எனக்கு எது சரிப்படும்னு மொதல்ல இவரு கேக்கட்டும்."