கிணற்றைக் காத்தவரின் பேரன்

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நான் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தபோது, கூட வேலை செய்த அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்: “ஏழாம் அறை ஐயா ஒரு படத்துக்கு முன்னால தண்ணி வைப்பார். எடுத்துப்போடாதேங்கோ, அழுவார்.”

தொண்ணூறைத் தாண்டிய நெடிய மனிதர். கோடையிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் தண்ணீரைப் படத்தின் கீழே வைப்பார். படத்தில் குதிரைமேல் ஓர் இளம் அதிகாரி, மார்பில் பதக்கம்.

“உங்கள் அப்பாவா?” என்று ஒருநாள் ஜெர்மனில் கேட்டேன்.

“தாத்தா. ஆப்பிரிக்காவில் எங்கள் காலனிப் போரில் குதிரைப்படை அதிகாரி. பாலைவனத்தில் ஒரு கிணற்றை மூன்று நாள் காத்ததற்கு வீரப்பதக்கம் கொடுத்தார்கள்.”

“யாரிடமிருந்து காத்தார்?”

“தாகத்தோடு வந்த பெண்களிடமிருந்து, பிள்ளைகளிடமிருந்து. சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொல்வார். பிறகு அவர்கள் எங்கே போய்க் குடித்தார்கள் என்று கேட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது. அவர் சிரித்தார்.” கிளாஸைக் காட்டினார். “இது அவர்களுக்கு. அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.”

பிறகு என்னிடம் கேட்டார்: “நீங்கள் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர். எந்தச் சிப்பாயாவது உங்களுக்குத் தண்ணீர் தந்தானா?”

“ஒருவன் தந்தான்” என்றேன்.

அவர் என் கையை வெகுநேரம் விடவில்லை. அடுத்த மாதம் இறந்துபோனார்.

எங்களுக்கு எந்தச் சிப்பாயும் தண்ணீர் தரவில்லை. அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததோ தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் அந்த இல்லாத சிப்பாயின் முகம்கூட எனக்கு நினைவுக்கு வருகிறது.