இருபது செல்லில் ஓடிய வண்டி

ராயபுரம் பனைமரத்தொட்டியில் ஸ்டானிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். நொண்டி தனீஸ் வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். துறைமுகத்தில் படகோட்டிகளுக்குத் தலைவனாக, தண்டையலாக இருந்தவரின் மூன்றாவது பிள்ளை அவன். மூத்தவன் இரங்கூனுக்குப் போனவன் போனவன்தான். அடுத்தவன் எண்ணூரில் பெண் எடுத்து மாமனார் வலையோடு அங்கேயே தங்கிவிட்டான். தனீசுக்குத் தாய்மாமன் மகள் அடைக்கலமேரியையே கட்டிவைத்தார்கள். டோரதி என்று ஒரே பெண்.

கால் நன்றாக இருந்த காலத்தில் பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டி விளக்குகளுக்கான பேட்டரி அறையில் வேலை. அங்கே ஹென்றி என்று ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரை. ஊறுகாய் தொட்ட கையோடு எவனாவது உள்ளே வந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். ஏன் தள்ளுகிறார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பத்து வருஷம் அவரிடம் அமிலம் ஊற்றவும் செல் பார்க்கவும் படித்தான் தனீஸ். நாற்பத்தாறில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடது பாதம் நசுங்கியது. கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவனால் மூட்டை தூக்க முடியாது, வலை இழுக்க முடியாது, வெகுநேரம் நிற்கவும் முடியாது.

அந்த நேரத்தில்தான் வெள்ளத்துரை அண்ணாச்சி யுத்தச் சாமான் ஏலத்தில் ஒரு பேட்டரி வண்டி எடுத்தார். நாசரேத்துப் பக்கத்து மனிதர். கருப்பட்டியும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம். ரயில்வே கூட்ஸ் கொட்டகையிலிருந்து அவருடைய கிடங்குக்கு ஒன்றரை பர்லாங்கு. வண்டி பார்க்க ஒரு பெரிய மேசைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அடியில் பெட்டி, பெட்டிக்குள் இருபத்துநாலு செல். முன்னால் நின்று ஓட்ட ஒரு பலகை. தனீஸ் அதில் ஒரு முக்காலியை ஆணி அடித்து உட்கார்ந்து ஓட்டினான். கால் இல்லாதவனுக்குக் கால் கிடைத்த மாதிரி என்று அடைக்கலமேரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி கரண்டு மீட்டரைப் பார்க்காமல் ஒரு நாளும் கிடங்கைப் பூட்டியதில்லை. முதல் மாதமே பிடித்துக்கொண்டார். ஒரு ராத்திரிச் சார்ஜுக்கு மீட்டரில் பதினாலு யூனிட் ஏறுகிறதே, வண்டிக்குள் பதினாலு யூனிட்டும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான் தனீஸ். சார்ஜ் போடும் மெஷின் சூடாவதில் கொஞ்சம் போகும், செல் நுரைத்துக் கொதிப்பதில் கொஞ்சம் போகும், பெட்டிக்குள் தங்குவது பத்து. அதிலும் மோட்டாரும் சங்கிலியும் தின்றது போக, சக்கரத்துக்குப் போய்ச் சேருவது ஏழோ எட்டோ. அப்படியானால் பாதிக்குப் பாதி எனக்கு நஷ்டமா என்றார் அவர். தனீஸ், மாட்டுக்குப் போடுகிற வைக்கோல் முழுக்க வண்டியையா இழுக்கிறது என்று கேட்டான். அண்ணாச்சி சிரித்துவிட்டார். யூனிட் ஒன்றரை அணா. பதினாலு யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூட ஆகவில்லை. அதில் வண்டி நாற்பது நடை அடித்தது. இரண்டு மாட்டு வண்டி செய்கிற வேலை.

நாலு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. ஐம்பத்தொன்றாம் வருஷம் கோடையில் சறுக்கல் வந்தது. நாற்பது நடை முப்பத்திரண்டு ஆயிற்று. அடுத்த வாரம் இருபத்தாறு. மத்தியானம் மூன்று மணிக்கே வண்டி எருமை மாதிரி நடக்க ஆரம்பித்தது. சார்ஜ் மட்டும் பழைய பதினாலு யூனிட்டையும் குடித்தது.

சுமை ஆட்களின் மேஸ்திரி முப்பிடாதிக்குக் கொண்டாட்டம். வண்டி வந்ததில் அவன் ஆட்களில் ஆறு பேருக்கு வேலை போயிருந்தது.

"ஓய் தனீசு, உம்ம எருமைக்கு நாக்குத் தள்ளுது. ரெண்டு கவளம் புண்ணாக்கு வையும்."

"நீ இருவது சிப்பம் ஏத்திக்கினே கீறே மேஸ்திரி. பதினாறுதான் கணக்கு. உன் முதுவுல ஏத்தினா நீ இன்னா டான்ஸா ஆடுவே?"

இருபது ஏற்றியது உண்மைதான். ஆனால் பதினாறு ஏற்றினாலும் வண்டி தேறவில்லை. அண்ணாச்சி இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை ஒரு வேகன் கருப்பட்டி வருகிறது, நாற்பது நடை, பொழுது சாய்வதற்குள் வேகன் காலியாகாவிட்டால் ரயில்வேக்காரனுக்குத் தண்டம் அழ வேண்டும் என்றார். அன்றைக்கு வண்டி ஓடினால் இருக்கும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை பழைய சாமான் வாங்குகிற மண்ணடி மஜீது பாய் வந்து ஈய விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். வண்டி போனால் வண்டிக்காரன் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தனீஸ் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தான். ஒட்டவில்லை. சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்தான். பிறகு செல் செல்லாக மூடியைத் திறந்து, மிதவைக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தான். சார்ஜ் ஏறிய செல்லில் மிதவை மேலே நிற்கும், காலியானதில் முங்கும். இருபது செல்லில் மேலே நின்றது. நாலே நாலு செல்லில், ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்ட பிறகும், முங்கிக் கிடந்தது. பெட்டிக் கதவை ஒட்டிய நாலு செல். வெயில் அடிக்கிற பக்கம்.

அந்த நாலுக்கும் சித்திரையில் அவன் கையாலேயே தண்ணீர் ஊற்றியிருந்தான். மருந்துக் கடையிலிருந்து வர வேண்டிய வடித்த தண்ணீர் பத்து நாள் வரவில்லை. வெயிலில் அந்த நாலு செல்லும் உள்ளே ஈயத் தட்டு தெரிய வற்றிவிட்டன. ராயபுரத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். அது வாயில் வைத்தாலே கரிக்கும். குழாய்த் தண்ணீரிலும் நம்பிக்கை இல்லை. அப்போதுதான் வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த தீர்த்தப் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். அவன் அம்மா காலத்துப் போத்தல் ஒன்று ஐந்து வருஷமாகப் பாசி பிடிக்காமல், புழு வைக்காமல், பளிங்கு மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் கெடாத தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் ஏது? இரண்டு போத்தலை நாலு செல்லுக்கும் பங்கிட்டு ஊற்றினான். ஊற்றும்போது சிலுவையும் போட்டுக்கொண்டான்.

முங்கிக் கிடந்த மிதவையைப் பார்த்தபோதும் அவனுக்குத் தண்ணீர்மேல் சந்தேகம் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், மிச்சச் செல்களும் இப்படியாகாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தீர்த்தம் வாங்கலாம் என்றே கோயிலுக்குப் போனான். கோயில் வேலை பார்க்கிற செல்வநாதன், அடைக்கலமேரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஒரு தட்டில் உப்பைக் குவித்து வைத்திருந்தார். உப்பு எதற்கு என்று கேட்டான்.

"நீ ஞானஸ்நானம் வாங்கின ஆளுதானே மச்சான்? உப்பு மந்திரிச்சிப் போடாம தீர்த்தம் எங்கே கீது? அதுனாலதான் கெடாம நிக்கிது."

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான் தனீஸ். ஹென்றி துரை ஊறுகாய்க் கையைப் பிடித்துத் தள்ளியது எதற்கென்று ஐந்து வருஷம் கழித்துப் புரிந்தது. உப்பு ஈயத் தட்டைத் தின்னும். தின்றுகொண்டிருக்கிறது.

வீட்டில் அடைக்கலமேரி ஒரே பேச்சாகச் சொன்னாள். வண்டி பழசாகிவிட்டது, செல் செத்துவிட்டது என்று சொல்லிவிடு, ஏலத்தில் எடுத்த சாமான்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். தனீசுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் செல் தானாகச் செத்தது என்றால் மிச்ச இருபதும் அப்படித்தான் சாகும் என்று அண்ணாச்சி நினைப்பார். சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார். மஜீது பாய்க்கு நாளைக்கே ஆள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் போய் நடந்ததை நடந்தபடியே சொன்னான். அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"நாங்களும் வேதக்காரங்கதான் வே. எங்க சபையில தீர்த்தம் கெடையாது. அதனால எங்க ஊருல ஒரு பேட்டரியும் சாகல."

"உங்க ஊருல பேட்டரியே கெடையாதே அண்ணாச்சி."

"வாய்க்கு மட்டும் சார்ஜ் எறங்கல உமக்கு. நாளைக்கு நாப்பது நடை. அதச் சொல்லும்."

ஓடும் என்று சொல்லிவிட்டு, தனீஸ் அன்று பகல் முழுக்க வேலை செய்தான். நாலு செல்லையும் கழற்றி வெளியே வைத்தான். அந்த இடத்தில் ஈயப் பட்டையை உருக்கி ஒட்டி, இருபது செல்லையும் ஒரே கோவையாக்கினான். சார்ஜ் மெஷினின் திருகை அதற்குத் தக்கபடி தணித்தான். ஆறில் ஒரு பங்கு பலம் குறைந்த வண்டி அது. மெதுவாகத்தான் போகும். ஆகவே வீணாகிற இடத்தைத் தேடினான். கூட்ஸ் கொட்டகைக்கு வெளியே முப்பது கஜம் மணல். அங்கே சக்கரம் புதைந்து திணறுகிற திணறலில் மூன்று நடைக்கான கரண்டு போய்க்கொண்டிருந்தது. பழைய பலகைகளை மணல்மேல் பரப்பச் சொன்னான். முப்பிடாதியிடம் போய், பதினாறுக்கு மேல் ஒரு சிப்பம் ஏற்றாதே, நடுவழியில் யாரும் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். நின்ற வண்டியைக் கிளப்புவதற்குத்தான் கரண்டு அதிகம் வேண்டும். முப்பிடாதி வெற்றிலையைத் துப்பிவிட்டு, பார்க்கலாம் என்றான்.

சனிக்கிழமை ஆறரைக்கு முதல் நடை. உச்சிக்கு இருபத்திரண்டு நடை ஆகியிருந்தது. ஆட்கள் சாப்பிடுகிற ஒரு மணி நேரமும் தனீஸ் சாப்பிடாமல் வண்டியைச் சார்ஜில் மாட்டி வைத்தான். மறுபடி கிளம்பியது. முப்பதாவது நடையில் வேகம் தளர்ந்தது. முப்பத்தைந்தில் ஆள் நடக்கிற வேகம். முப்பத்தேழாவது நடையை இறக்கிய பிறகு தனீஸ் பெட்டியைத் திறந்து மிதவைக் குழாயை விட்டுப் பார்த்தான். எல்லாச் செல்லிலும் முங்கிற்று. ஸ்விட்சைத் தட்டிச் சாவியை உருவி இடுப்பில் செருகினான்.

அண்ணாச்சி கிடங்கு வாசலில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். ஐந்தரை.

"என்ன வே? இன்னும் மூணு நடை இருக்கே."

"வராது அண்ணாச்சி."

"உருளுதுல்லா? எப்படியாவது ஓட்டும். மூணே மூணு. நீரு சொன்ன சொல்லும் நிக்கும், வேலையும் நிக்கும்."

"ஓட்டினா ஓடும். இதுக்கு மேல இஸ்த்தா மீதி இருவது செல்லும் தட்டு வளைஞ்சி செத்துப்பூடும். என் வேல போனாப் போவட்டும். நான் நாலக் கொன்னது போதும்."

அண்ணாச்சி கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். சாவிக்காகக் கையை நீட்டப் போகிறார் என்று தனீஸ் நினைத்தான். அவர் முப்பிடாதி பக்கம் திரும்பி, மிச்சம் நாற்பத்தெட்டுச் சிப்பமும் தலைச்சுமையாக வரட்டும், கூலி தனி என்றார். முப்பிடாதி ஆட்களை விரட்டிக்கொண்டு போனான். ஆறேகாலுக்கு வேகன் காலி.

ஆட்கள் போன பிறகும் தனீஸ் வண்டிப் பக்கத்திலேயே நின்றான். அண்ணாச்சி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். மத்தியானம் போட்டதையும் சேர்த்துப் பன்னிரண்டரை யூனிட் என்றார். பதினாலில் இருபத்தாறு நடை போனதும் இந்த வண்டிதான், பன்னிரண்டரையில் முப்பத்தேழு போனதும் இந்த வண்டிதான் என்றார். பிறகு அந்த நாலு செல்லையும் மட்டும் மஜீது பாய்க்குப் போட்டுவிட்டு, புதுசு நாலு என்ன விலை என்று திங்கட்கிழமை விசாரித்து வரச் சொன்னார்.

"வடிச்ச தண்ணி தீருறதுக்கு ஒரு வாரம் முந்தியே எங்கிட்டச் சொல்லணும், என்ன? சாமியார்கிட்டச் சொல்லாதீரு."

அந்த வண்டியைத் தனீஸ் பிறகும் எட்டு வருஷம் ஓட்டினான். டோரதி கல்யாணத்துக்கு அண்ணாச்சி இரண்டு சிப்பம் கருப்பட்டி அனுப்பினார். அதைப் பனைமரத்தொட்டி வரைக்கும் முப்பிடாதிதான் சுமந்துகொண்டு வந்தான்.