கேட்காமல் எழுதிய பதில்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘ஆறுபோன்’ என்றே கூப்பிட்டார்கள். மொபைல் நிறுவனத்தின் சோதனை வேனில் ஆறு போன்களைப் பலகையில் மாட்டி, மடியில் லேப்டாப்போடு தெருத்தெருவாகப் போவது அவள் வேலை. போனும் கோபுரமும் பேசிக்கொள்வதெல்லாம் வரி வரியாகத் திரையில் ஓடும். பட்டம் படிக்காதவள். புகார் கேட்கும் மேசையில் எட்டு வருடம் ஊரார் திட்டை வாங்கிவிட்டு, யாரும் ஏற விரும்பாத அந்த வேனில் ஏறியவள்.

அந்த மாதம் பழைய நெட்வொர்க்கை மூடுவதாக அறிவித்தார்கள். ஒரு மலிவு மாடலில் மட்டும் புது நெட்வொர்க் வழியாகப் பேச முடியாது, வைத்திருப்பவர்கள் வேறு போன் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். நாற்பதாயிரம் பேர். அவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பவள்; அழைப்பு வந்தால்தான் அன்றைக்கு வேலை.

“போன மாசம் அப்டேட் வந்துச்சு அண்ணி. இனிமே புது நெட்வொர்க்குல பேசலாம்னு அதுவே சொல்லுச்சு. முடியாதுன்னு உங்க ஆளுங்க சொல்றாங்க. யாரு பொய் சொல்றது?”

“போன் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. குடு இங்க,” என்று அதை வாங்கிப் பலகையில் ஏழாவதாக மாட்டினாள்.

எந்தப் போனும் நெட்வொர்க்கில் சேரும்போது, உன்னால் என்னென்ன முடியும் என்று கோபுரம் கேட்கும். எந்தெந்த அலைவரிசை, எவ்வளவு வேகம், குரல் அழைப்பு வருமா என்று போன் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பும். ஆறு போன்களிடமும் அந்தக் கேள்வி போனது. ஏழாவதிடம் போகவில்லை. தெருவை மாற்றிப் பார்த்தாள். அணைத்து அணைத்துப் போட்டாள். பதினெட்டு முறை முயன்றும் கோபுரம் அதனிடம் வாயே திறக்கவில்லை.

நேரத்தை மிச்சம் பிடிக்க யாரோ செய்த ஏற்பாடு என்று அவளுக்குப் பிடிபட்டது. அப்டேட்டுக்கு முன்பே, அந்த மாடலில் முதன்முதலில் வந்த ஒரு போனின் பட்டியலைக் கோபுரங்களில் எழுதி வைத்துக்கொண்டு, அதையே எல்லாப் போன்களின் தலையிலும் கட்டிவிட்டார்கள். நீ இன்ன இடத்தில் பிறந்தவன், உனக்கு இவ்வளவுதான் வரும் என்று, ஆளைப் பேசவிடாமலே தீர்ப்பு எழுதுகிற அதே புத்தி. மனிதர்களிடம் பழகியதை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஓட்டைப் போனுக்கு வக்காலத்தா என்றார். சோதனை அறைக் கோபுரத்தில் மட்டும் அந்தச் சேமித்த பட்டியலை அழிக்கச் சொன்னாள்.

“அதுகிட்டயே கேளுங்க சார். முடியாதுன்னு அது சொல்லிட்டா நான் வேனை விட்டு இறங்கிடறேன்.”

அழித்தார்கள். கேள்வி போனது. பட்டியல் வந்தது. குரல் அழைப்பு: உண்டு. அவள் அந்தப் போனிலிருந்தே ஒரு எண்ணை அழுத்தினாள். பொறியாளரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

“எடுங்க சார். உங்களுக்குத்தான்.”

பழைய நெட்வொர்க் மூடிய காலையில் அவள் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க, சேமித்த பட்டியலை அழித்த எல்லாக் கோபுரங்களும் அந்த மாடலிடம் கேட்டுக்கொண்டிருந்தன. உண்டு, உண்டு, உண்டு என்று வரிகள் நிற்காமல் ஓடின. பெருமையைச் சொல்ல நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“அப்புறம் பேசறேன் அண்ணி. வேலைக்குக் கூப்பிடறாங்க,” என்று அவள் வைத்துவிட்டாள்.