மனித உரிமைச் சட்டை

தையல்காரர்களின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் மாஸ்டருக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். ராஜாக்களுக்குத் தைத்தவர்கள் உண்டு, மாப்பிள்ளைகளுக்குத் தைத்தவர்கள் உண்டு. மனித உரிமைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அவர் கடை தீவிரவாதத் தடுப்புப் பிரிவு அலுவலகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. எட்டுக்குப் பத்து அறை. ஒரு மிஷின், இஸ்திரிப் பெட்டி சுட்டு மூலை கருகிய ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, எல்லா வாடிக்கையாளர்களின் அளவும் எழுதிய நீளமான நோட்டு. காக்கி தைத்துத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. எந்த அதிகாரிக்கு எந்த வருஷம் எத்தனை அங்குலம் தொப்பை ஏறியது என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது, மாஸ்டருக்குத் தெரியும்.

மனித உரிமைச் சட்டைக்கு ஓர் இலக்கணம் இருந்தது. நிறம் கருநீலம் அல்லது அரக்கு. உள்ளே எது ஊறினாலும் வெளியே காட்டக் கூடாது. முழுக்கை. மணிக்கட்டில் இறுக்கமான பட்டி, ஒன்றுக்கு இரண்டு பொத்தான். காலருக்குள் தடித்த கேன்வாஸ், தலை தொங்காமல் நிமிர்ந்திருப்பதற்காக. முதுகில் இரண்டு அங்குலம் தாராளம், துணி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. இத்தனை பக்குவத்தோடு தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பிடிபட்டவர்கள் கோர்ட்டில் நின்றார்கள்.

இந்தச் சட்டை பிறந்த கதையும் சாதாரணமானதல்ல. முன்பு ஒருவனைக் கிழிந்த பனியனோடு கோர்ட்டுக்கு அழைத்துப் போக, யாரோ ஒரு பத்திரிகைக்காரன் படமெடுத்துவிட்டான். ஊரே கொதித்தது. மேலிடத்திலிருந்து பதினாறு பக்கச் சுற்றறிக்கை வந்தது: காவலில் இருப்பவர்களின் கண்ணியம் காக்கப்பட வேண்டும். பிரிவின் அதிகாரி அதைப் பென்சிலும் கையுமாக வரிவரியாகப் படித்தார். அடிக்கக் கூடாது, தூங்கவிடாமல் செய்யக் கூடாது, வக்கீலைப் பார்க்கவிட வேண்டும் என்றெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத சங்கதிகள் நிறைய இருந்தன. பதினோராம் பக்கத்தில்தான் உருப்படியாக ஒரு வரி கிடைத்தது: ‘தகுந்த உடை அளிக்கப்பட வேண்டும்.’ மறுநாளே மாஸ்டருக்கு ஆள் வந்தது.

“மாஸ்டர், நாம இனிமே மனித உரிமையைக் காக்கணும்” என்றார் அதிகாரி. மிகவும் மென்மையாகப் பேசுவார். பேசும்போது தேநீரில் பிஸ்கட் தோய்ப்பார். “முழுக்கையா தைச்சிடுங்க.”

மாஸ்டர் மறுக்கவில்லை. மறுக்க அவருக்கு மனசும் வரவில்லை. ஆறு மாடி ஜவுளிக் கட்டடத்தின் லிப்டில் குண்டு வெடித்தபோது செத்த ஏழு பேரில் காஜா அக்காவும் ஒருத்தி. பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பொத்தான் நுழையும் காஜா எடுத்துக் கொடுத்தவள். பொத்தான் வாங்கிவரப் போனவள் திரும்பவில்லை. மூன்று காஜாவோடு நின்றுபோன அவளுடைய கடைசிச் சட்டை இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. “அந்தம்மாவுக்காகத்தான் நாங்க இத்தனை பாடுபடறோம்” என்று அதிகாரி சொன்னபோது மாஸ்டர் அழுதேவிட்டார். அந்த ஆத்திரத்தில் நாற்பது சட்டை தைத்தார். எல்லாம் இரட்டைத் தையல். காஜாவைக்கூட அவரே எடுத்தார்.

அவர் மனைவிக்கு மட்டும் கணக்கு உதைத்தது.

“ஏங்க, நாப்பது பேருமா சேர்ந்து அக்காவைக் கொன்னாங்க? அந்த லிப்டுல எட்டுப் பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு போட்டிருக்குமே?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய கூட்டம் அது.”

“கூட்டமா இருந்தா படிக்கட்டுல போயிருக்கணும்” என்றாள் அவள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

நாற்பத்தோராவது சட்டைக்கு அளவெடுக்க ஏட்டு வந்து கூப்பிட்டது ஒரு புதன்கிழமை பிற்பகல். “டேப்பை எடுத்துக்கிட்டு வாய்யா. நாளைக்குக் கோர்ட்டு.”

மாடி அறையில் டெட்டால் வாடை, அதற்குக் கீழே டெட்டாலால் அடக்க முடியாத இன்னொரு வாடை. ஸ்டூலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மாஸ்டர் ஒரு நொடி திகைத்தார். அது ஜவுளிக் கட்டடத்து லிப்ட் மெக்கானிக். மாஸ்டரின் பழைய வாடிக்கையாளர். போன வருஷம்தான் தங்கச்சி கல்யாணத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டு போனான்.

“இவனாய்யா?” என்றார் மாஸ்டர் ஏட்டிடம்.

“லிப்டுல இவன் கைரேகை இருக்கு” என்றார் ஏட்டு, உலக மகா துப்பைத் துலக்கியவர்போல.

“லிப்ட் மெக்கானிக் ரேகை லிப்டுல இல்லாம ஏட்டையா, தண்ணித் தொட்டியிலயா இருக்கும்?”

“அதெல்லாம் மேல உள்ளவங்க பார்த்துப்பாங்க. நீ அளவை எடு.”

ஏட்டு போர்வையை விலக்கினார். இதுவரை மாஸ்டர் துணிக்கு மேலேதான் அளவெடுத்திருந்தார். டேப்பைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருக்கப் பழகியும் இருந்தார். இந்த முறை பார்க்காமல் இருக்க வழியில்லை. மெக்கானிக்கின் இடது கையில், தோளிலிருந்து முழங்கைவரை, சிகரெட்டால் சுட்ட தழும்புகள் வரிசையாக இறங்கின. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே சரியாக மூன்று விரல். காஜா அக்கா சட்டையில் காஜாவுக்குக் குறி வைக்கிற அதே இடைவெளி.



மார்பு முப்பத்தெட்டு. காவலில் இருந்த பதினாலு நாளில் இரண்டு அங்குலம் காணோம். மணிக்கட்டோ வீங்கி ஏழிலிருந்து எட்டரையாகியிருந்தது. “வலது கையைத் தூக்குப்பா” என்றார். தூக்க வரவில்லை, தோள் தன் இடத்தில் இல்லை.

“பழைய அளவையே போட்டுடாதீங்கண்ணே” என்றான் மெக்கானிக். உதடு பிளந்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. “இங்க சாப்பாடு அவ்வளவு ருசியா இல்ல.”

ஏட்டு அதிகாரிக்குத் தேநீர் வாங்க வெளியே எட்டிப் பார்த்த நேரத்தில், மெக்கானிக் அவசரமாகக் கிசுகிசுத்தான். “அண்ணே, நாளைக்கு இன்னும் பதினஞ்சு நாள் கேக்கப் போறாங்க. நான் தாங்க மாட்டேன். அவங்க எழுதி வச்சிருக்கறதுல கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் நான்தான் அக்காவைக் கொன்னவன். நிஜமாக் கொன்னவன் ஊருல நல்லாத் திரிவான்.”

“கோர்ட்டுல சொல்லேன்.”

“யார்கிட்ட? ‘குறை ஏதும் உண்டா’ன்னு நீதிபதி கேப்பாரு, பேப்பரைப் பார்த்துக்கிட்டே. பின்னாடி அதிகாரி நிப்பாரு. ‘இல்லைங்க ஐயா’ன்னு சொல்லிட்டு வரணும். மனு நகல் வாங்கினதுக்கு ரசீதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

அதிகாரி வந்தார். பிஸ்கட்டைத் தோய்த்தார், அது பாதியில் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. விரலை விட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “கையை மட்டும் நல்லா இறுக்கி வச்சிடுங்க மாஸ்டர். நீதிபதி நாளைக்கு மனித உரிமைக் கருத்தரங்குல பேசப் போறாராம். அவர் மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க.”

மாஸ்டர் கடைக்கு வந்ததும் டேப்பை சோப்புப் போட்டுக் கழுவினார். அப்புறம் இன்னொருமுறை கழுவினார். முப்பது வருஷமாகக் கழுத்தில் தொங்கிய டேப்பை அன்று மாலை கழுத்தில் போட முடியவில்லை. கொடியில் தொங்கவிட்டுவிட்டு, பார்த்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார்.

அவள் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அந்த நாப்பது பேருக்கும் இப்படித்தானா?”

“நான் பார்க்கலை.”

“பார்க்கலையா, பார்க்க மாட்டேன்னு இருந்தீங்களா?”

மாஸ்டர் அரக்குத் துணியை மேஜையில் விரித்தார். வெட்டினார். காலர், முதுகு, பட்டி, வலது கை எல்லாம் வழக்கமான இரட்டைத் தையல். இடது கைக்கு வந்தபோது நிறுத்தினார். கோர்ட்டில் ரசீதுக்குக் கையெழுத்துப் போட ஏதாவது ஒரு கை நீண்டுதான் ஆகவேண்டும். வலது கை நீளாது; அதை அவரே அளந்து பார்த்திருக்கிறார். ஆகவே இடது கையைத் தோளோடு சேர்க்கும் இடத்தில் மட்டும் மிஷினைத் தொடவில்லை. சரிபார்ப்பதற்காகத் தையல்காரர்கள் தற்காலிகமாக ஓட்டும் பெரிய பெரிய கைத்தையலை ஓட்டினார். கை தொங்கிக்கொண்டிருக்கும்வரை நிற்கும். எட்டி நீட்டினால் விட்டுவிடும்.

“இது அவங்களுக்குத் தெரிஞ்சா?” என்றாள் மனைவி.

“தெரிஞ்சா எனக்கும் ஒரு சட்டை தைக்கணும். நீ தையேன்.”

காலையில் சட்டையை வாங்க வந்த ஏட்டிடம், “இடது கையை முதல்ல நுழைக்கச் சொல்லுங்க. மெதுவா. புதுத்துணி” என்று பணிவாகச் சொன்னார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, மனைவியோடு கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன் பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

மெக்கானிக் வந்து நின்றான். அரக்குச் சட்டையில் பார்க்க லட்சணமாகவே இருந்தான். இப்படித்தான் நாற்பது பேரும் லட்சணமாக நின்றிருப்பார்கள்.

“குறை ஏதும் உண்டா?” என்று நீதிபதி காகிதத்திடம் கேட்டார்.

“இல்லைங்க ஐயா” என்றான் மெக்கானிக்.

“இன்னும் பதினஞ்சு நாள் கேட்டிருக்காங்க. மனு நகலைக் குடுத்துக் கையெழுத்து வாங்குங்க” என்று சொல்லிவிட்டு நீதிபதி தன் பேனாவின் மூடியைத் திருகினார்.

குமாஸ்தா தாளை மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். மெக்கானிக் இடது கையை எட்டி நீட்டினான்.

சத்தமே இல்லாமல் தையல் விட்டது. சட்டைக்கை தோளிலிருந்து வழுக்கி இறங்கியது. ஆனால் கீழே விழவில்லை. மணிக்கட்டில்தான் இறுக்கமான பட்டியும் இரண்டு பொத்தானும் இருக்கின்றனவே! கழற்றிய காலுறைபோல அங்கேயே சுருண்டு தொங்கியது. கை முழுவதும், தோளிலிருந்து முழங்கைவரை, மூன்று விரல் இடைவெளியில், வெளிச்சத்துக்கு வந்தது.

அதிகாரி பாய்ந்து வந்தார். குழந்தையின் நிக்கரை இழுத்துவிடும் தாயைப்போலச் சட்டைக்கையை மேலே இழுத்துப் பிடித்தார். விட்டால் இறங்கியது. பிடித்தால் நின்றது. விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல், மனித உரிமையைத் தன் சொந்தக் கையாலேயே காத்தபடி அவர் நின்ற காட்சியைப் பார்த்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். முன் பெஞ்சிலிருந்து எழுந்த ஓலத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே செத்தது.

நீதிபதி நிமிர்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

“என்ன இது?”

“தையல் சரியில்லைங்க ஐயா” என்றார் அதிகாரி.

“தையலைக் கேக்கலை. உள்ள என்ன?”

“தோல் ஒவ்வாமைங்க ஐயா. சிலருக்குச் சில துணி ஒத்துக்காது.”

நீதிபதி அந்தக் கையைப் பார்த்தார், முன் பெஞ்சைப் பார்த்தார், மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பத்திரிகைக்காரனையும் பார்த்தார். எதைப் பார்த்தது அவரை அசைத்ததோ தெரியாது. மதியச் சாப்பாட்டில் முடியைக் கண்டவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்: போலீஸ் காவல் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து ஜெயிலுக்கு.

பதினைந்து நாள் தப்பியது. மெக்கானிக் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வழக்கு இன்னும் இருக்கிறது, அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்; ஆனால் மாடி அறையில் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்குமா? இருபது நாளில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. கையில் எப்படிச் சூடுபட்டது என்று கேட்பதற்கல்ல; தையல் எப்படி விட்டது என்று கேட்பதற்கு. மாஸ்டரை இரண்டு மணி நேரம் நிற்கவைத்து விசாரித்தார்கள். நூல் எந்த ரகம்? ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல்? “வயசாச்சுங்க, கண்ணு சரியாத் தெரியலை” என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது அதிகாரி மென்மையாகக் கேட்டார். “காஜா எடுக்கிற அந்தம்மாவை மறந்துட்டீங்களே மாஸ்டர்.”

“நான் மறக்கலைங்க” என்றார் மாஸ்டர். “அவளைக் கொன்னவனைத் தேடறதை நீங்கதான் மறந்துட்டீங்க.”

குழு அறிக்கை கொடுத்தது. காவலில் இருப்போரின் கண்ணியம் தரமற்ற தையலால் பங்கப்பட்டுவிட்டது. இனிமேல் தொழிற்சாலையில் தைத்த, கையும் உடலும் ஒரே துணியிலான சட்டைகளே வாங்கப்பட வேண்டும். மாடி அறையைப் பற்றி அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்தது: காற்றோட்டம் போதுமானது.

மாஸ்டருக்குக் காக்கி வேலையும் நின்றுபோனது. ஒரே ஒருநாள் ஏட்டு ஒரு பேண்டை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“அதிகாரியோடதுய்யா. இடுப்புல ரெண்டு அங்குலம் விடணும். வெளியில குடுத்தா எவனும் ஒழுங்காத் தைக்க மாட்டேங்கறான். நாளைக்கு அவருக்குப் பதக்கம் குடுக்கறாங்க, மேடையில.”

“ஆகட்டும் ஏட்டையா. எந்தத் தையல் போடணும்னு கேட்டுட்டு வந்தீங்களா?”

ஏட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், பேண்டைப் பார்த்தார். மேடையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பேண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு நோட்டை எடுத்துப் பிரித்தார். நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொன்றிலும் தேதியோடு அவருடைய முத்துமுத்தான கையெழுத்து: ‘வலது தோள் இறக்கம்.’ ‘மணிக்கட்டு வீக்கம், பட்டி பெரிதாக.’ ‘நிற்க முடியவில்லை, உட்காரவைத்து எடுத்தது.’ சிலருக்குப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அளவு. பார்க்க மாட்டேன் என்று இருந்தவர் எதையும் விடாமல் எழுதித்தான் வைத்திருந்தார்.

“என்னங்க தேடறீங்க?”

“ஒண்ணுமில்லை. நாப்பது சட்டையில ஒண்ணுகூடப் பிரியலை பாரு. அவ்வளவு நல்லாத் தைச்சிருக்கேன்” என்று சொல்லி, வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் காறித் துப்பினார்.

பிறகு நோட்டை அரக்குத் துணியின் மிச்சத்தில் சுற்றிக்கொண்டு, பகல் பதினோரு மணிக்குக் கடை ஷட்டரை இழுத்துவிட்டார்.

“அந்த லிப்ட்காரன் சம்சாரம் வீடு உனக்குத் தெரியும்ல? வா. அவங்க வக்கீல் யாருன்னு கேக்கணும்.”

“அந்த நோட்டுல உங்க கையெழுத்துல்ல இருக்கு? உங்களையும் சேர்த்துல்ல கேப்பாங்க?”

“கேக்கட்டும்” என்றார் மாஸ்டர். “இத்தனை நாள் பார்த்ததை மறைக்க நானும் போட்டிருந்தேன்ல, முழுக்கை.”