நாற்பது ஃப்ரிட்ஜும் என் ஒரே நாக்கும்

ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஜோசியக்காரனுக்குத் தெரியாததெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். ஜோசியக்காரனுக்குக் கிடைக்கிற மரியாதை மட்டும் கிடைக்காது.

எனக்கு ஊர் ஜோகுபாளையம், அல்சூருக்குப் பக்கத்துப் பேட்டை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. தொழிலைக் கற்றுக்கொடுத்தது பழைய சாமான் கடையில் வாங்கிய அடி. பேரம் பேசக் கற்றுக்கொடுத்ததும் அதே அடிதான். கோபம் மட்டும் யாரும் கற்றுத்தராமலே வந்தது. போன வருஷம் ஒரு அடுக்குமாடியில், ஃப்ரீசருக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐஸ் கரைத்த இன்ஜினியரிடம், "டிகிரியைப் படிச்சு வாங்கினியா, எடைக்கு வாங்கினியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கட்டடத்து வேலை மொத்தமும் அன்றோடு போயிற்று. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற தோழர்களே, நான் கேட்டது தப்பா, சொல்லுங்கள்.

அதனால்தான் அல்சூர் பக்கம் நாற்பது வீட்டுக் கட்டடம் ஒன்றில் வருஷ ஒப்பந்தப் பேச்சு வந்தபோது சந்தோஷப்படுவதற்கு முன் என் நாக்கைத்தான் நினைத்துக்கொண்டேன். செக்ரட்டரி நஞ்சுண்டய்யா தமிழ் பேசுகிற கன்னடக்காரர், ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். என் புகழ் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "ஒரு மாசம் வெள்ளோட்டம். எல்லா வீட்டு ஃப்ரிட்ஜையும் பாரு. நீ கத்தினேன்னு ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் வேலை கம்பெனிக்காரனுக்கு" என்றார். என் மனைவி கலா டூல்ஸ் பையில் ஒரு பொட்டலம் கல்கண்டு வைத்துக் கட்டினாள். "கோவம் வந்தா ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கோங்க. கரையற வரைக்கும் பேசாதீங்க."

கம்பளிக்குள் ஒரு ஃப்ரிட்ஜ்

மூன்றாம் மாடியில், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஈரோட்டுத் தம்பி. ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது, ஆனால் கூலிங் இல்லை என்றார். போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜையே காணோம். இரண்டு பக்கமும் தெர்மகோல் ஒட்டி, மேலே கம்பளி போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நோயாளி மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்துத் தகடு சுடுகிறதாம். அந்தச் சூடு உள்ளே போகாமல் இருக்க இந்த ஏற்பாடாம்.

ஒரு கல்கண்டு கரைந்த பிறகு சொன்னேன். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் அந்தத் தகட்டை ஒட்டித்தான் ஓடுகிறது. தொட்டால் சூடாக இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம். மூடினால் மூச்சு முட்டி கம்ப்ரஸர் படுத்துவிடும். தம்பி கவனமாகக் கேட்டுக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, கம்பளியை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ இதை நான் போர்த்திக்கலாமாண்ணா? ஒரு மாசமா நான்தான் நடுங்கிட்டுப் படுத்திருக்கேன்."

ஆறு இஞ்சிலிருந்து நாலு இஞ்ச்

இரண்டாம் மாடி கோமதி மேடம் வீட்டு ஃப்ரிட்ஜ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. வாஸ்துக்காரர் காட்டிய மூலையாம், அசைக்கவே கூடாதாம். பின்னால் காற்றுப் போக வழியில்லாமல் அது மாடு மாதிரி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "ஆறு இஞ்ச் முன்னாடி இழுங்க மேடம்" என்றேன். "அரை இஞ்ச் தர்றேன்" என்றார். பேரம் என்று வந்துவிட்டால் எனக்குக் கல்கண்டு தேவையில்லை.

அஞ்சரை, முக்கால், அஞ்சு, ஒண்ணு என்று போய் ஒண்ணரையில் நின்றுவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தேன். சிவாஜிநகரில் பழைய கம்ப்ரஸர் வாங்குகிறபோது செய்கிற அதே வித்தை. செருப்பில் கால் நுழைக்கும்போது, "இருங்க, ரெண்டரை" என்று குரல் வந்தது. நாலு இஞ்சில் படிந்தது, பின்னால் பழைய பேப்பர் அடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இழுத்து வைத்த கையோடு டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு மேடம் சொன்னார்: "வாஸ்துக்காரர் வர்ற அன்னைக்கு மட்டும் மூணு இஞ்சைத் திருப்பி எடுத்துப்பேன், சொல்லிட்டேன்."

அதுக்கு மட்டும் எதுக்கு முழிப்பு

கீழ்த்தளத்தில் இஸ்திரி போடுகிற தனலட்சுமி அக்கா. தினமும் காலையில் பால் திரிந்துபோகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். உருவி வராமல் இறுக்கமாகப் பிடித்தது. ரப்பரில் குறை இல்லை. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தது. கேஸும் இருந்தது. மூன்றாவது தடவை போனபோது காலை ஆறரை மணி. அக்கா கொட்டாவி விட்டபடி வந்து, என் கண் முன்னாலேயே ஃப்ரிட்ஜ் ஸ்விட்சைப் போட்டார்.

"இது எப்பக்கா ஆஃப் ஆச்சு?"

"தெனம் ராத்திரி படுக்கும்போது நான்தான் ஆஃப் பண்ணுவேன். கவர்மெண்ட் குடுக்குற ஓசி கரண்ட் அளவைத் தாண்டிட்டா மொத்த பில்லும் நம்ம தலையிலதானே?"

இரண்டு கல்கண்டு. காலையில் மறுபடியும் முதலிலிருந்து குளிர வைக்க ஃப்ரிட்ஜ் தொண்டை வறள ஓடும், மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும், ராத்திரியெல்லாம் குளிர் இல்லாமல் கிடந்த மீன்குழம்பைச் சாப்பிட்டால் டாக்டருக்குத்தான் லாபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "நாம எல்லாரும் படுத்துத் தூங்குறோம் தம்பி, அதுக்கு மட்டும் எதுக்கு முழிப்பு?"

விசில் அடங்காத குக்கர்

நாலாம் மாடியில் ஒரு அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். ஆவியில் உள்ளே இருந்த பல்பே மங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தயிருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். வெளியே ஆற வைத்துவிட்டு உள்ளே வையுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பல்லுக்கு நடுவில் கல்கண்டு இருந்ததால் பாதி வார்த்தை நொறுங்கித்தான் வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "சூடா இருக்கறதைக் குளிர வைக்கத்தானேப்பா இதை வாங்கினோம்? ஆறினதை வைக்க என்கிட்ட பீரோ இருக்கு."

நாற்பதாவது வீடு

முப்பத்தொன்பது வீடு முடிந்தது. ஒரு புகார் இல்லை. நாற்பதாவது செக்ரட்டரியின் வீடு. "என் ஃப்ரிட்ஜை ஆறு வருஷமா நானே பாத்துக்கறேன். நீ கையெழுத்துப் போட மட்டும் வா" என்று சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது.

ஃப்ரிட்ஜின் தலைமேல் சாமி படம், முன்னால் விளக்கு எரிகிறது. சமையலறையில் மராமத்து நடந்ததிலிருந்து சாமிக்கு அங்கேதான் இடமாம். கீழே ஃப்ரீசர் கதவு திறந்திருக்க, உள்ளே பாறை மாதிரி உறைந்த ஐஸைச் செக்ரட்டரி தேங்காய்க் கத்தியால் குத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் புஸ்ஸ்ஸ் என்று சத்தம். கத்தி குழாயைத் தொட்டுவிட்டது. இப்போது வருகிற ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் ஓடுகிற கேஸ், அடுப்பு கேஸுக்குத் தம்பி முறை. நெருப்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். மேலே விளக்கு. கல்கண்டுக்கு ஏது நேரம்?

"டேய்! கத்தியைக் கீழ போடுடா! ஸ்விட்ச் பக்கம் போகாத! ஜன்னலைத் திறடா!"

கத்தினது மொட்டை மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அதே மூச்சில் விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். எழுபது வயது மனுஷன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்.

கேஸ் போய், வீடு அடங்கிய பிறகு விஷயத்தைச் சொன்னேன். தெர்மோஸ்டாட் திருகுக்கு நடுவில் இருந்த சின்னப் பொத்தானையும் காட்டினேன். அதை அமுக்கினால் ஐஸ் தானாகவே கரைந்துவிடும். "அது லைட்டுக்குன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. நான் பையை எடுத்துக்கொண்டேன். இனிமேல் என்ன, கம்பெனிக்காரன் வருவான்.

அவர் மனைவி சரோஜாம்மா கன்னத்தில் கை வைத்து நின்றிருந்தார். "டேய்னு சொன்னதைக்கூட விட்டுடலாம். சாமி விளக்கைப் போய் வாயால ஊதிட்டாரே!"

"ஊதலைன்னா சாமி பக்கத்துக்கே போயிருப்போம் சரோஜா" என்ற செக்ரட்டரி, ஒப்பந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "வாத்தியாரா இருந்த என்னை டேய்னு கூப்பிட்ட முதல் ஆள் நீதான். பரவால்ல. உயிர் போற விஷயம்னா நீ வருஷத்துக்கு ஒரு தடவை கத்தலாம்."

பழக்க தோஷம், வாய் தானாக வந்தது: "ஆறு தடவை சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மூணு. இன்னிக்குக் கத்தினது என் கணக்குல இலவசம். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது, கையெழுத்துப் போடு மாராயா, மகராசனே."

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாசம் இருக்கிறது. மூன்று கத்தலும் தீர்ந்துவிட்டதால் கலா இப்போது கல்கண்டைக் கிலோவாக வாங்குகிறாள்.