மைனஸ் கணக்கும் நான் அடித்த நான்கு எழுத்தும்

அந்தக் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியின் ஓரத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கரை நான் ஒட்டியிருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு நாள் பள்ளிக்கு வராமல் இருந்திருக்க மாட்டாள். இதை எழுத வேண்டிய அவசியமும் எனக்கு வந்திருக்காது.

நான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. சமீபத்தில் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இளம் ஆசிரியர்கள் டேப்லெட்டில் பிள்ளைகளை விளையாடவிட்டே பின்னம் சொல்லித் தருவதைச் செய்து காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. திரையில் இரண்டு அணிகளின் பெயர் வந்தபோது மட்டும் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அங்கே சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

1. பெட்டி வந்தது

எண்பதுகளின் பிற்பாதி. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகும் ரோட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் சேலத்துக்காரி. சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறி வந்து வேலையில் சேர்ந்தேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்த வருடம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டிவி மாதிரி ஒரு பெட்டி, தட்டுவதற்கு ஒரு கீபோர்டு, ஃப்ளாப்பி ஓட்ட ஒரு டிரைவ். மூன்று வாரப் பயிற்சிக்குப் போக சீனியர்கள் யாரும் தயாராக இல்லை. புதுசாக வந்தவள் என்று என் தலையில் கட்டினார்கள்.

பெட்டியைப் பிரித்த அன்றே ஹெட்மாஸ்டர் சூடம் கொளுத்தி, சந்தனம் வைத்து, பட்டுத்துணி போட்டு மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கடலூர்ப் பக்கத்து மனிதர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"கெவர்மென்ட்டு சொத்தும்மா இது. ஒரு ஸ்க்ரூ காணம்னாலும் நீதான் பதில் சொல்லணும். பசங்க ஜன்னல் வழியா பாத்துக்கட்டும், போதும்."

ஒரு மாதம் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டுத்துணியைத்தான் பார்த்தார்கள். நான் நச்சரித்து நச்சரித்துச் சாவியை வாங்கினேன்.

பெட்டியோடு வந்த ஃப்ளாப்பிகளில் ஒன்றில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு நீர்மூழ்கிக் கப்பல். தண்ணீர் மட்டம்தான் பூஜ்யம். மேலே பிளஸ், கீழே மைனஸ். "கப்பல் மைனஸ் மூன்றில் இருக்கிறது, இன்னும் நான்கு இறங்குகிறது, எங்கே நிற்கும்?" என்று கேட்கும். மைனஸ் ஏழு என்று அடித்தால் புதையல் கிடைக்கும். தப்பாக அடித்தால் பாறையில் மோதி 'டொம்' என்று ஒரு சத்தம் வரும்.

மைனஸ் மூன்றிலிருந்து நான்கு போனால் என்ன என்று கேட்டால், என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் ஒன்று என்பார்கள், மீதிப் பேர் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் போர்டில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தீர்ந்ததுதான் மிச்சம். கப்பலை ஓட்டிய மூன்றாம் நாள் வளர்மதி என்கிற பெண் பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏற்கெனவே முங்கிக்கினு கீறவன் இன்னும் முங்குனா ஆழந்தான ஜாஸ்தியாவும்? எப்டி மேல வருவான்? டேமுல குதிச்சிப் பாரு, தெரியும்."

 இரண்டு மாதமாக நான் சொல்லத் தெரியாமல் திணறியதை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். வளர்மதியின் அப்பா கரும்பு வெட்டும் கூலிக்காரர். காலனியில் வீடு. வகுப்பில் அதுவரை வாய் திறக்காத பெண். கீபோர்டில் அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது.

2. பட்டியல்

எல்லாரும் ஆட வேண்டுமே என்று வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரிக்க நினைத்தேன். பெயர்ப் பட்டியல் கேட்டதும் கிளார்க் ஐந்தே நிமிடத்தில் கார்பன் வைத்து டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். ஸ்காலர்ஷிப் ரிஜிஸ்டரைப் பார்த்து அடித்தது. ஒரு தாளின் தலைப்பில் எஸ்.சி. என்றும், இன்னொன்றில் பி.சி. என்றும் இருந்தது.

இப்போது படிப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அன்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது வகுப்பில் நின்று, "எஸ்.சி. எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம். உக்காருங்க. பி.சி. எல்லாம் எழுந்திருங்க" என்று கூப்பிட்டுத் தலை எண்ணுவோம். நானும் அப்படி எழுந்து நின்று படித்தவள்தான். மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போன விஷயம்.

முதல் தாளுக்குக் காலை மூன்றாவது பீரியட், இரண்டாவது தாளுக்கு மத்தியானம் என்று ஒதுக்கினேன். விளையாட்டு ஆரம்பத்திலேயே அணியின் பெயர் கேட்கும். இரண்டு எழுத்துதான் ஏற்கும். கையில் இருந்த தாளைப் பார்த்தேன். எஸ், சி என்று அடித்தேன். அடுத்த அணிக்கு பி, சி. அவ்வளவுதான். அரை நிமிட வேலை.

ஃப்ளாப்பியின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டால் மெஷினால் அதில் எதையும் எழுத முடியாது. அணைத்ததும் மார்க் எல்லாம் அழிந்துவிடும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். நான் ஒட்டவில்லை. அதனால் மார்க் சேர்ந்துகொண்டே போனது. கீபோர்டில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு பிரேக் என்கிற பட்டனைத் தட்டினால் விளையாட்டு திறக்கும்; முதலில் வருவதே மார்க் பலகைதான். மேலே எஸ்.சி. 410. கீழே பி.சி. 265. நீலத் திரையில் மஞ்சள் எழுத்து. ஜன்னல் கம்பி வரைக்கும் பளிச்சென்று தெரியும்.

3. மறியல்

தங்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. டவுனிலிருந்து வரும் வாத்தியார்கள் யாரும் வரவில்லை. உள்ளூரில் இருந்த நானும் ஹெட்மாஸ்டரும் கிளார்க்கும் மட்டும் நடந்து வந்து பள்ளியைத் திறந்து வைத்தோம். பிள்ளைகள் கால்வாசிதான் வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்துப் பதினைந்து பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கோவிந்தசாமி. கரும்பு விவசாயி. அவர் மகன் சேகர் என் வகுப்பில், இரண்டாவது தாளில் இருப்பவன்.

"எந்த ரூம்புல கீது அந்த மெஷினு?" என்றார் கோவிந்தசாமி. "ஒதுக்கீடு குடுன்னு நாங்க ரோட்டுல கெடக்குறோம். நீங்க உள்ள குந்திக்கினு எங்க புள்ளைங்க தோத்துட்டாங்கன்னு டிவியில எழுதிப் போடறீங்களா?"

ஹெட்மாஸ்டர் முன்னால் வந்தார். "அது மேலேர்ந்து வந்த மெஷினுங்க. அதுவா காட்டுது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "அதுவா எப்டி காட்டும்? காலனிப் பொண்ணு ஒண்ணு கீதாம், டக்கு டக்குனு தட்டுதாம். அதுதான் எழுதி வச்சிருக்கும்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும், இல்லாவிட்டால் மலைக்குத் தூக்கி அடிப்பார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. அந்தக் காலத்தில் கல்வராயன் மலைக்கு மாற்றுவதென்றால் தண்டனை என்று அர்த்தம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "விசாரிக்கிறேங்க" என்று ஹெட்மாஸ்டர் கும்பிட்டு அவர்களை அனுப்பி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? போயி அத்த அழிச்சுடு. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

அழித்தேன். திரை காலியானது. 

மறுநாள் வளர்மதி வரவில்லை. அதற்கும் மறுநாளும் வரவில்லை. சேகர் வந்திருந்தான். இடைவேளையில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"டீச்சர், வளர்மதி அப்பாவ கரும்பு வெட்ட வரவாணாம்னு சொல்லிட்டாங்க. வளர்மதி ஊருக்குள்ள வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டாதான் சேத்துப்பாங்களாம். நான் வூட்ல சும்மா மார்க்குதான் சொன்னேன் டீச்சர். அது எழுதுச்சின்னு நான் சொல்லல."

அவன் அழுதுவிட்டான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு இருந்த நேர்மை இருபத்தாறு வயது டீச்சருக்கு இல்லாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அப்படியும் அன்று உண்மையைச் சொல்லப் போகவில்லை. பயம் அவ்வளவு.  ரோட்டில் நாலு பேர் சேர்ந்து நடந்தாலே காலனிப் பக்கம்தான் போகிறார்களோ என்று கதவைத் திறந்து பார்த்தேன்.

4. புளியமரம்

வளர்மதி வராத நான்காம் நாள் காலை ஹெட்மாஸ்டரிடம் சொல்லாமல் நடந்தேன். வெட்டிச் சாய்த்த மரத்தின் மேலும் சுற்றியும் முப்பது பேர் இருந்தார்கள். கோவிந்தசாமி துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்பிள்ளை தனியாக வருவதைப் பார்த்து எல்லாரும் திரும்பினார்கள்.

"அத எழுதுனது வளர்மதி இல்லைங்க. நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.

"நீங்களா? ஏன் டீச்சர் அப்டி எழுதுனீங்க?" என்றார் கோவிந்தசாமி.

"ரிஜிஸ்டர்ல அப்படித்தாங்க இருக்கு. அதப் பார்த்து அடிச்சிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் உளறினேன். "உங்க பசங்க மட்டம்னு இல்லைங்க. அவங்களுக்கு மத்தியானம் கிளாஸ். மத்தியானம் கரண்ட் கம்மி, மெஷின் நின்னு நின்னு போகும், அதான் மார்க்கு கம்மி."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்துவிட்டார். "அப்போ கரண்ட்டு கம்மியா கீற நேரமா பாத்துதான் எங்க புள்ளைங்களுக்கு ஒதுக்குனீங்களா?"

சத்தம் கிளம்பியது.  ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எந்தப் பேட்ச்சுக்கு எந்த நேரம் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

கோவிந்தசாமி கையைக் காட்டி எல்லாரையும் உட்கார வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"ரிஜிஸ்டர்ல எழுதியிருக்குன்றீங்க. அதுல எழுதியிருக்கறத மாத்தணும்னுதான் நாங்க இங்க குந்திக்கினு கீறோம். நீங்க அத்தயே எடுத்தாந்து புள்ளைங்க ஆடற ஆட்டத்துல வச்சிட்டீங்களே டீச்சர்."

"தப்புதாங்க. என் மேல கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ண விட்டுடுங்க. அவங்க அப்பாவ வேலைக்குச் சேத்துக்கங்க."

"எழுதத்தான் போறோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொண்ணு பள்ளிக்கூடம் வரட்டும். நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அங்கிருந்து நேராகக் காலனிக்குப் போனேன். வளர்மதியின் அப்பா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். அவ்வளவுதான்.

5. மிச்சம்

எழுதிக் கொடுத்தார்கள். மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன். வேலை போகவில்லை. அடுத்த ஜூனில் மலைக்கு மாற்றல் வந்தது. எதற்குப் பயந்து வாயை மூடினேனோ அதுவே வந்தது. போய்ப் பார்த்தால் அது ஒன்றும் தண்டனையாகவும் இல்லை. என் சர்வீஸிலேயே நல்ல வருடங்கள் மேலேதான் கழிந்தன. அது வேறு கதை.

கீழே இருந்த மிச்ச மாதங்களில் கம்ப்யூட்டர் அறையை மறுபடி திறக்க வைத்தேன். ஸ்டிக்கர் ஒட்டினேன். பேட்ச்சைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். காலையும் மத்தியானமும் வாரம் மாற்றி மாற்றி வந்தது. அணிக்குப் பெயரைப் பிள்ளைகளே வைத்தார்கள். வகுப்பில் சாதிப் பிரிவைச் சொல்லி எழுப்பி நிற்க வைப்பதை அன்றோடு விட்டேன். ஃபாரம் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பிள்ளையாக என் மேஜைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். விளையாட்டு வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அது எப்படி வேலை செய்யும் என்று நான் கண்ணால் கண்டவள். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் அடிக்கிற எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் நான்கு நாள் கழித்துச் சொன்னேன். அந்த நான்கு நாள் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்மதி ஐந்தாம் நாள் பள்ளிக்கு வந்தாள். அவள் அப்பாவும் வேலைக்குப் போனார். அறை திறந்த அன்று அவள் முறை வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். சேகரும் அதே அணிதான். அவள் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். கப்பல் மைனஸ் ஐந்தில் நின்று கேள்வி கேட்டது.

"அடி வளர்மதி" என்றேன்.

"நான் கை வைக்கல டீச்சர். சொல்றேன், நீங்க அடிங்க."

வருடம் முடியும் வரை அப்படித்தான். ஒரு கணக்கும் அவளுக்குத் தப்பியதில்லை. அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் குனிந்து நின்று நான் அடித்தேன்.